மஜ்ஜை யாருடையது?

திருவண்ணாமலை செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் புத்தகக் கடையில் ஒரு சிறு புத்தகம் கிடைக்கும். பெயர் 'நான் யார்?'. தென்னாற்காடு கலெக்டர் அலுவலகத்தில் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1902 வாக்கில், மலைக்குகையில் மௌனமாக இருந்த இருபத்திரண்டு வயது இளைஞரிடம் சில கேள்விகள் கேட்டார். பின்னாளில் ரமணர் என்று அறியப்பட்ட அந்த இளைஞர் வாய் திறக்கவில்லை; எழுதிக் காட்டினார். அந்தப் பதில்கள்தான் பின்னால் புத்தகமாயின. செங்கம் சாலையில் ஆட்டோவிலிருந்து இறங்குகிற வெளிநாட்டுக்காரரின் தோள்பையில் இன்றைக்கும் அதன் ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு இருக்கும்.

புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு கழித்தல் கணக்கு வருகிறது. எதையெல்லாம் நான் என்று நினைக்கிறோமோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போகிற கணக்கு. முதலில் தள்ளப்படுவது ஏழு தாதுக்களின் கூட்டான உடம்பு. சாரம், ரத்தம், தசை, கொழுப்பு, எலும்பு, மஜ்ஜை, சுக்கிலம் என்று அந்த ஏழையும் நம் வைத்திய மரபு வரிசைப்படுத்தும். ஆறாவதாக நிற்பது மஜ்ஜை. படிக்கிறவர்கள் அதில் நிற்பதில்லை. ஐம்புலன், மனம், பிராணன் என்று மேலே போய்விடுவார்கள்.

கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

ஆசிரமத்திலிருந்து போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூர் 80 கிலோமீட்டர் சொச்சம். அங்கே சி.எம்.சி. மருத்துவமனையில் 1986இல் டாக்டர் மாம்மன் சாண்டியின் குழு மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தொடங்கியது. நாட்டிலேயே முதன்முதலாக அது நடந்தது 1983இல், மும்பை டாடா நினைவு மருத்துவமனையில். திருவண்ணாமலைக் கிராமங்களிலிருந்து வேலூருக்குப் பஸ் ஏறுகிற நோயாளிகளில், ரத்தப் புற்றுநோய் என்று பெயர் எழுதிய ஃபைலை மடியில் வைத்திருப்பவர்களும் உண்டு. தலசீமியா உள்ள குழந்தையைத் தூக்கிக்கொண்டு, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற அலைகிற தாய்மார்களும் உண்டு.

மஜ்ஜைதான் ரத்தத்தின் நாற்றங்கால். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு எல்லாமே அங்கிருக்கிற ரத்த ஸ்டெம் செல் என்ற ஒரே விதையிலிருந்து முளைத்து வருபவை. லுகேமியாவில் நாற்றங்காலே களை பிடித்துவிடுகிறது. அப்லாஸ்டிக் அனீமியாவில் அது தரிசாகிவிடுகிறது. தலசீமியாவில் விதையிலேயே குறை. நோயாளி தாங்குவார் என்றால் ஒரு வழி இருக்கிறது: கடுமையான கீமோதெரபியாலோ கதிர்வீச்சாலோ பழைய மஜ்ஜையை முழுக்க உழுதுவிட்டு, வேறொருவரின் விதையைப் போடுவது. போடுவது என்றால் எலும்பைத் துளைத்து அல்ல. ரத்தம் ஏற்றுவதுபோல ஒரு பையிலிருந்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றுகிறார்கள். அந்தச் செல்கள் ரத்தத்தோடு சுற்றி, எலும்புக்குள் இருக்கும் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துப் போய் உட்காருகின்றன. இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் புது ரத்தம் ஊறத் தொடங்குகிறது.

அதன்பிறகு நடப்பதுதான் செங்கம் சாலைக் கேள்வியோடு நேராக வந்து முட்டுகிறது.

சில மாதங்களில் நோயாளியின் ரத்த வகை கொடையாளியின் வகையாக மாறிவிடும். 'பி' வகையாக இருந்தவர் 'ஓ' வகையாகலாம். அவர் ரத்தத்தை எடுத்து மரபணுவைப் பார்த்தால் அது கொடுத்தவரின் மரபணு. ஆணிடமிருந்து மஜ்ஜை பெற்ற பெண்ணின் ரத்த அணுக்களில் ஆணுக்குரிய ஒய் குரோமோசோம் இருக்கும். அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு யார் என்று கேட்டால் பழைய பெயரைத்தான் சொல்வார். பழைய நினைவுகள், பழைய கோபங்கள், பிள்ளைகளின் பெயர், பாதியில் நிறுத்திய வேலை எல்லாம் அப்படியே. இத்தனை நாளும் 'என் ரத்தம்' என்று சொல்லிவந்தது மட்டும் முழுவதும் வேறொருவருடையது. 'நான்' என்று சொல்கிற இடத்தில் ஒரு கீறல்கூட விழவில்லை.

இதை வேதாந்தத்துக்குக் கிடைத்த அறிவியல் சான்று என்று கொண்டாட வேண்டியதில்லை. ரமணரின் விசாரம் ஆய்வுக்கூடத்தில் முடிகிற காரியமும் அல்ல. ஆனால் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட காலத்தில் நினைத்துப் பார்க்கவும் முடியாத ஒன்று இன்று நடக்கிறது. அந்த முதல் கழித்தலை வார்டில் படுத்திருக்கும் ஒரு மனிதர் தம் உடம்பிலேயே வாழ்ந்து காட்டுகிறார். அப்படியானால் மஜ்ஜை யாருடையது?

ஊரில் இதற்கு இரண்டு பதில்கள் உலவுகின்றன. ஒன்று எளிய பதில்: என் உடம்பில் இருக்கிறது, அதனால் என்னுடையது. இன்னொன்று கொஞ்சம் தத்துவம் படித்தவர்கள் சொல்வது: உடம்பே பொய், நோயும் பொய், அவரவர் பிராரப்தம் அவரவருக்கு, இதில் ஒருவர் எலும்பிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு வைத்து என்ன ஆகப் போகிறது? கிரிவலப் பாதையில் டீ குடித்துக்கொண்டே இந்த இரண்டாவது பதிலைச் சொல்கிறவர்கள் ரமணரையே சாட்சிக்கு அழைப்பார்கள். 1898 டிசம்பரில் பவழக்குன்றுக்கு வந்து வீட்டுக்குத் திரும்பி வரச்சொல்லி அழுத தாய்க்கு அவர் எழுதிக் கொடுத்ததன் சாரமே அதுதானே என்பார்கள்: நடக்க வேண்டியது நடக்கும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது.

அதே மகன் பதினாறு ஆண்டுகள் கழித்து என்ன செய்தார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. 1914இல் தாய் அழகம்மாள் விரூபாட்ச குகைக்கு வந்து தங்கியிருந்தபோது டைபாய்டு போன்ற கடும் காய்ச்சலில் விழுந்தார். உடம்பு பொய் என்று மகன் தியானத்தில் உட்காரவில்லை. பக்கத்திலிருந்து பணிவிடை செய்தார். தாயின் ஜுரம் தீர வேண்டுமென்று அருணாசலத்தை வேண்டி வெண்பாக்கள் பாடினார். தமக்காக எதையும் வேண்டாதவர் வேண்டிக்கொண்ட அபூர்வத் தருணம் அது. தாய் பிழைத்து ஊர் திரும்பினார்; 1916இல் மறுபடி வந்து, கடைசி ஆறு ஆண்டுகள் மகனோடு மலையில் இருந்தார்.

பிராரப்தம் என்பது தன் வலியைத் தாங்குவதற்கான சொல். அடுத்தவர் வலியைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு அந்தச் சொல்லை எடுத்தால் அது கோழைத்தனம். இதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

ரமணருடைய சொந்த உடம்பின் கதையும் இந்தப் பக்கம்தான் பேசுகிறது. 1949 தொடக்கத்தில் இடது முழங்கைக்குக் கீழே ஒரு சிறு கட்டி வந்தது. பிப்ரவரியில் ஆசிரம மருத்துவர்கள் அதை வெட்டி எடுத்தார்கள். திரும்ப வந்தது. சென்னையிலிருந்து டாக்டர் ராகவாச்சாரி வந்து அறுவை செய்தார். சார்கோமா என்று தெரிந்தது. ரத்தப் புற்றுநோய் அல்ல, தசை சார்ந்த திசுக்களில் வரும் புற்று. ரேடியம் வைத்தார்கள். அந்த ஆண்டுக்குள் நான்கு அறுவைகள். கையை எடுத்துவிடலாம் என்று சொன்னபோது மட்டும் அவர் இசையவில்லை. மற்றபடி அல்லோபதி, ஹோமியோபதி, ஆயுர்வேதம், பச்சிலை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும், கொண்டு வந்தவர் மனம் நோகக்கூடாது என்று ஏற்றுக்கொண்டார். தரிசனத்தை நிறுத்தச் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு 8 மணி 47 நிமிடத்துக்கு அந்த உடம்பு ஓய்ந்தது. உடம்பு நானல்ல என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஆனாலும் அந்த உடம்பு கடைசி நாள்வரை வந்தவர்களுக்காக வாசலில் வைக்கப்பட்டிருந்தது.

உடம்பை அவர் சாப்பாட்டு இலையோடு ஒப்பிட்டதாக அடியார்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். பார்த்துப் பார்த்து இலை தைக்கிறோம், சாப்பிட்டானதும் எடுத்துப் போட்டுவிடுகிறோம்; ஞானிக்கு உடம்பு அப்படி. இந்த உவமையைச் சொல்லும் பலர் எறிவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இலை தைக்கப்படுவது சோறு போடுவதற்காக. ரமணரே ஆசிரமத்தில் இலை தைத்தவர், காய் நறுக்கியவர், விடிவதற்கு முன் அடுப்படியில் நின்றவர். இன்றும் ஆசிரமத்தில் மதியப் பந்திக்கு முன்னால் வாசலில் சாதுக்களுக்கும் ஏழைகளுக்கும் சோறு போடுகிறார்கள். ஒருவர் பசியாறாமல் எறியப்பட்ட இலை வீண்தான்.

'நான் யார்?' புத்தகத்துக்கே திரும்பலாம். தொடக்கத்தில் மஜ்ஜையைத் தள்ளிய அதே புத்தகம், பின்னால் ஓரிடத்தில், மற்றவருக்குக் கொடுப்பதாக நாம் நினைப்பது உண்மையில் தனக்கே கொடுத்துக்கொள்வதுதான் என்ற கருத்தைச் சொல்கிறது. அது தெரிந்தவன் கொடுக்காமல் இருப்பானா என்றும் கேட்கிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். முதலாவது, உடம்பைப் பற்றிய பிடியைத் தளர்த்துகிறது. இரண்டாவது, தளர்ந்த கை எந்தப் பக்கம் நீள வேண்டும் என்று காட்டுகிறது. முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டால் அலட்சியத்தில் போய் முடியும்.

'மற்றவர்' என்ற சொல் மஜ்ஜை விஷயத்தில் எவ்வளவு திண்டாடுகிறது என்பதற்கு மருத்துவமே கதை வைத்திருக்கிறது. வெளி மஜ்ஜை ஒரு உடம்பில் தங்க வேண்டுமென்றால் இரண்டு பேரின் எச்.எல்.ஏ. பொருந்த வேண்டும். அது செல்களின் மேல் இருக்கும் அடையாளச் சீட்டு. இவன் நம்மவனா, அயலானா என்று நோய் எதிர்ப்பு சக்தி அதைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. இந்தச் சீட்டு ஆறாவது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்கிறது. பாதி தாயிடமிருந்து, பாதி தந்தையிடமிருந்து. அதனால் பெற்றவர்கள் பாதிதான் பொருந்துவார்கள். கூடப் பிறந்தவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு. ஒரே பிள்ளையோ இரண்டு பிள்ளைகளோ உள்ள இன்றைய வீடுகளில் அந்த வாய்ப்பும் சுருங்கிவிட்டது. நோயாளிகளில் சுமார் 30 சதவீதம் பேருக்குத்தான் குடும்பத்துக்குள் முழுப் பொருத்தம் கிடைக்கிறது. பாதிப் பொருத்தத்தில் மாற்று செய்யும் முறையும் இப்போது வளர்ந்திருக்கிறது, பல உயிர்களைக் காக்கிறது; அதற்கான சிக்கல்களும் கூடவே வருகின்றன. மற்றவர்கள் முகம் தெரியாத ஒருவரைத்தான் தேட வேண்டும். பெற்ற தாயின் உடம்பு அயல் என்று தள்ளிவிடும் இடத்தில், எங்கோ ஒரு மெக்கானிக்கின் உடம்பு, ஒரு கல்லூரி மாணவியின் உடம்பு, சொந்தம் என்று பொருந்திவிடுகிறது.

முகம் தெரியாதவருக்கு மஜ்ஜை கொடுத்த முதல் மனிதர்கள் பாரிஸ்காரர்கள். 1958 அக்டோபரில், அன்றைய யூகோஸ்லாவியாவின் வின்ச்சா அணு ஆய்வு மையத்தில் விபத்து நடந்தது. கதிர்வீச்சில் சிக்கிய ஆறு பேரைப் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஜார்ஜ் மாத்தே அவர்களில் ஐந்து பேருக்கு மஜ்ஜை ஏற்றினார். அமெரிக்காவில் டொன்னால் தாமஸ் அதற்கு முந்தைய ஆண்டில்தான் மனிதர்களுக்கு மஜ்ஜை ஏற்றிப் பார்த்த முடிவுகளை வெளியிட்டிருந்தார். தாமஸின் அந்த நோயாளிகள் யாரும் நெடுநாள் வாழவில்லை. எச்.எல்.ஏ. பொருத்தம் பற்றி அன்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. கொடுத்தவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கும் முன்னுதாரணம் இல்லை. ஆனாலும், வேறு மொழி பேசுகிற, பெயர்கூடக் கேள்விப்படாத அந்த விஞ்ஞானிகளுக்காகச் சில பிரெஞ்சுக்காரர்கள் வந்து படுத்து, எலும்பில் ஊசி குத்தச் சொன்னார்கள். ஏற்றிய மஜ்ஜை தற்காலிகமாகத்தான் தங்கியது. அதற்குள் நோயாளிகளின் சொந்த மஜ்ஜை தலையெடுத்துவிட்டது. ஐந்தில் ஒருவர் இறந்தார். நால்வர் ஊர் திரும்பினார்கள். தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. படுத்துக் கொடுத்தவர்களைப் பற்றி உலகம் அதிகம் பேசவில்லை.

அடுத்த கதை ஒரு தாயுடையது. அந்தோணி நோலன் என்ற குழந்தை, எதிர்ப்பு சக்தியை அரிக்கும் பிறவி நோயோடு பிறந்தவன். மஜ்ஜை பொருந்துகிறவர் குடும்பத்தில் இல்லை. வெளியே தேடலாம் என்றால் எங்கே தேடுவது? பட்டியல் என்று ஒன்றே கிடையாது. அவன் தாய் ஷெர்லி நோலன் 1974இல் லண்டனில் அந்தப் பட்டியலைத் தொடங்கினார். உலகின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவகம் அதுதான். மகனுக்குப் பொருத்தம் கிடைக்கவேயில்லை. 1979இல் ஏழு வயதில் இறந்துபோனான். தாய் பட்டியலை மூடவில்லை. மற்றவருக்குக் கொடுப்பதும் தனக்குக் கொடுப்பதும் ஒன்றுதான் என்ற வாக்கியத்தை ரமணாசிரமத்தில் உட்கார்ந்து படிப்பது எளிது. தன் பிள்ளை போனபின் ஊரார் பிள்ளைகளுக்காகப் பெயர் சேர்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணி, புத்தகம் படிக்காமலேயே அதைக் கடைப்பிடித்தவர்.

நம்மவர்கள் கதையும் உண்டு. 2007இல் அமெரிக்காவில் சமீர் பாட்டியா, வினய் சக்ரவர்த்தி என்ற இரண்டு இந்திய வம்சாவளி இளைஞர்களுக்கு லுகேமியா. ஒருவர் கலிஃபோர்னியாவில் தொழில்முனைவர், மற்றவர் பாஸ்டனில் டாக்டர். அங்கிருந்த பதிவகத்தில் லட்சக்கணக்கான பெயர்கள் இருந்தும் தெற்காசியர்கள் மிகக் குறைவு. எச்.எல்.ஏ. பெரும்பாலும் வம்சவழி ஒட்டியே பொருந்துவதால், வெள்ளையர் பெயர்கள் எத்தனை இருந்தாலும் இவர்களுக்குப் பயனில்லை. நண்பர்கள் கோயில் வாசல், கல்யாண மண்டபம், கம்பெனி வளாகம் என்று அலைந்து 11 வாரங்களில் 24,000க்கும் மேற்பட்ட தெற்காசியர்களைப் பதிவு செய்ய வைத்தார்கள். இருவருக்கும் கொடையாளர் கிடைத்தார்கள். மாற்றும் நடந்தது. நோய் திரும்பி வந்து இருவரும் 2008இல் இறந்தார்கள். அவர்களுக்காகச் சேர்ந்த அந்தப் பெயர்களிலிருந்து வேறு பல நோயாளிகளுக்குப் பொருத்தம் கிடைத்தது.

கனடாவிலோ லண்டனிலோ ஒரு தமிழ்க் குழந்தைக்கு லுகேமியா வந்தால், அதற்கான விதை பெரும்பாலும் திருவண்ணாமலை, செங்கம், யாழ்ப்பாணம் என்று இந்தப் பக்கத்து ஊர்களில் ஏதோ ஒரு எலும்புக்குள்தான் இருக்கும். உலகம் முழுவதும் பதிவு செய்தவர்கள் 4 கோடிக்கும் மேல். 8 கோடிச் சொச்சம் பேர் வாழும் ஜெர்மனியில் மட்டும் 90 லட்சத்தைத் தாண்டும். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில், எல்லாப் பதிவகங்களையும் கூட்டினாலும் சில லட்சங்களே. 2009இல் சென்னையில் தொடங்கிய 'தாத்ரி' பதிவகம் 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்திருக்கிறது. பெங்களூருவில் டி.கே.எம்.எஸ். அமைப்பின் இந்தியக் கிளை இயங்குகிறது. தாத்ரி என்றால் கொடுப்பவர் என்று பொருள். உறவில்லாத ஒருவர் பொருந்துவதற்கான வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து பல லட்சத்தில் ஒன்றுவரை போகும் என்பதால், சில லட்சம் பெயர்கள் என்பது கடலில் கைவிட்டுத் துழாவுகிற கணக்குதான்.

சாதி விஷயத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். நூற்றாண்டுகளாகச் சாதிக்குள்ளேயே கொடுத்து வாங்கியதில் நம் எச்.எல்.ஏ. சீட்டுகளும் சிறு சிறு வேலிகளுக்குள் அடைபட்டிருக்கின்றன. சில பரம்பரை நோய்கள் அந்த வேலிக்குள்ளேயே சுற்றுகின்றன. பொருத்தமும் பல நேரம் அந்த வேலிக்குள்தான் கிடைக்கிறது. இதை வைத்து யாரும் சாதிப் பெருமை பேச இடமில்லை. சுற்றியெழுப்பிய சுவர் கடைசியில் நோய்ப்படுக்கையில் வந்து நிற்கிறது, அவ்வளவே. பதிவகம் கொடுப்பவரின் சாதியைப் பெறுபவரிடம் சொல்வதில்லை, பெறுபவரின் மதத்தைக் கொடுப்பவரிடம் சொல்வதில்லை. ஒருவரின் பெயர்கூட மற்றவருக்குக் குறிப்பிட்ட காலம்வரை தெரியாது. அதன்பிறகு இருவரும் விரும்பினால் மட்டும் சந்திக்கலாம்.

பலனை எதிர்பாராமல் கொடு என்று நம் நூல்கள் எத்தனையோ சொல்கின்றன. அன்னதானத்தில்கூடச் சாப்பிடுகிறவர் முகம் தெரியும். கல்வெட்டில் பெயர் வரும். இங்கே கொடுத்தவரைக் கும்பிட ஆள் இல்லை, கொடுத்ததற்குப் பணம் இல்லை, கொடுத்தது பலித்ததா என்பதும் உடனே தெரியாது. 'நான் கொடுத்தேன்' என்ற எண்ணம் வந்து உட்காரக்கூட இடம் குறைவான கொடை. கர்த்திருத்துவம் போக வேண்டும் என்று விரும்பி மலை சுற்றுகிறவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

ஆனால் நம் புராணங்கள் ஒரு வகையில் இதற்குத் தடையாகவும் இருக்கின்றன. பின்னாளில் ரமணரான சிறுவன் வேங்கடராமன் மதுரையில் முதன்முதலில் படித்து உருகிய சமய நூல் பெரியபுராணம். அதில் கண்ணப்பர் ஒரு கண்ணைப் பிடுங்கி அப்புகிறார், இன்னொன்றையும் பிடுங்கத் துணிகிறார். வேறு கதைகளில் சிபி தொடையை அரிந்து தராசில் வைக்கிறான். ததீசி முனிவர் எலும்பையே கொடுத்து உயிரை விடுகிறார். உடம்பிலிருந்து கொடுப்பது என்றாலே இந்தப் படங்கள்தான் மனத்தில் வரும். அவை அவ்வளவு உயரத்தில் இருப்பதால், கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, நம்மால் ஆகாது என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம். எலும்பு என்ற சொல்லைக் கேட்டதும், முதுகுத்தண்டில் ஊசி போட்டு எதையோ உறிஞ்சி ஆளை முடமாக்கிவிடுவார்கள் என்ற பயம் வருகிறது.

உண்மையில் நடப்பதைச் சொல்லிவிடலாம். பதிவு செய்வதற்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவிக் கொடுக்க வேண்டும். ஊசி இல்லை, ரத்தம் இல்லை. எச்.எல்.ஏ. பார்த்துப் பட்டியலில் வைப்பார்கள். அழைப்பு நாளைக்கு வரலாம், பத்து ஆண்டு கழித்து வரலாம், வராமலும் போகலாம். வந்தால் முழு உடல் பரிசோதனை. பெரும்பாலும் ரத்தத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். அதற்கு முன் ஐந்து நாள் ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசி. உடம்பு தானே சுரக்கும் ஒரு பொருளின் மருந்து வடிவம் அது. ஸ்டெம் செல்களைப் பெருக்கி மஜ்ஜையிலிருந்து ரத்தத்துக்கு இறங்கச் செய்யும். அந்த நாட்களில் எலும்பு வலி, தலைவலி, அசதி இருக்கும். பிறகு ஒரு கையிலிருந்து ரத்தம் இயந்திரத்துக்குப் போய், ஸ்டெம் செல் பிரிக்கப்பட்டு, மிச்சம் மறு கைக்குத் திரும்பி வரும். நான்கைந்து மணி நேரம். சிலருக்கு மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். முதுகுத்தண்டை யாரும் தொடுவதில்லை. மயக்க மருந்துக்கு உரிய சிறு ஆபத்தும் சில நாள் இடுப்பு வலியும் இதில் உண்டு. கேட்டுத் தெரிந்துகொண்டே சம்மதிக்க வேண்டும். குழந்தைப் பேற்றுக்கு இதனால் பங்கம் இல்லை. கொடுத்த செல்கள் சில வாரங்களில் திரும்ப ஊறிவிடும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்று நம் ஊரில் சொல்வார்கள். உடம்பில் அதற்கு மஜ்ஜையைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கண்ணப்பருக்குக் கண் ஊறவில்லை, சாமி வந்து தடுக்க வேண்டியிருந்தது. இங்கே எதுவும் குறையாமல் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு உறுப்புக் கொடை புதிதல்ல. 2008இல் திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் இதயத்தை டாக்டர்களான அவன் பெற்றோர் கொடுக்க முன்வந்தது மாநிலத்தையே மாற்றியது. 2023 செப்டம்பரிலிருந்து உறுப்புக் கொடையாளரின் இறுதிச் சடங்குக்கு அரசு மரியாதை. அவையெல்லாம் இறந்தபின் கொடுப்பவை, குடும்பம் எடுக்கும் முடிவுகள். மஜ்ஜை உயிரோடு இருப்பவர் கொடுப்பது. அதனால்தான் இதில் ஒரு பெரிய பொறுப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மறைத்துவிட்டு ஆள் சேர்ப்பது தப்பு.

மாற்று நடக்கும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்னதாக, நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கத் தொடங்குவார்கள். அழித்தபின் அந்த உடம்பில் ரத்தம் உண்டாக வழி கிடையாது. அந்த நேரத்தில் கொடையாளர் பின்வாங்கினால் நோயாளி பிழைப்பது அரிது. அதற்கு முன் கட்டத்தில் பின்வாங்கினாலும், கிடைத்தது என்று நம்பிய ஒரு குடும்பம் மறுபடி சூன்யத்தில் நிற்கும். நம் நாட்டில் பதிவு செய்தவர்களில் பலர் அழைப்பு வந்ததும் விலகிவிடுகிறார்கள். பெரும்பாலும் பயப்படுவது அவர்கள் இல்லை, வீட்டார். கல்யாணமாகாத பெண் ஆயிற்றே, ஒரே பையன் ஆயிற்றே, யாருக்கோ ஏன் கொடுக்க வேண்டும் என்று அம்மா அழுவார். கல்லூரி முகாமில் நண்பர்களோடு சேர்ந்து குஷியாகக் குச்சியைத் தடவிக் கொடுத்தவருக்கு, வீட்டில் சொல்லவே தோன்றியிருக்காது.

ஆகவே பௌர்ணமி இரவில் லட்சக்கணக்கானோர் நடக்கிற 14 கிலோமீட்டர் பாதையில், நீர்மோர்ப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெயர் சேர்க்கலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருந்தாலும் சரிப்படாது. மேசை இருக்கட்டும், அதில் விளக்கம் சொல்ல ஆள் இருக்கட்டும். கையெழுத்து வீட்டுக்குப் போய்ப் போடட்டும். இது நேர்த்திக்கடன் போன்றது. ஊரும் கோஷமும் அடங்கியபின், தனக்குத்தானே கேட்டுப் பார்த்து, ஆமாம் என்று உள்ளே பதில் வந்தபின் எடுத்துக்கொள்ள வேண்டிய வாக்கு. விசாரம் செய்யச் சொல்லிக்கொடுத்த ஊருக்கு இந்த நிதானம் பழக்கப்பட்டதுதான்.

தாத்ரியில் 18 வயதிலிருந்து 50 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமானவர்கள் பதிவு செய்யலாம். பெயர் 60 வயதுவரை பட்டியலில் இருக்கும். கொடையாளருக்குச் செலவு ஒரு பைசா இல்லை. இணையத்தில் விண்ணப்பித்தால் பஞ்சுக் குச்சிப் பெட்டி வீட்டுக்கே வரும். அதை வரவழைப்பதற்கு முன்னால், இன்று ராத்திரி சாப்பிட்டானதும், அம்மாவிடமும் அப்பாவிடமும், கல்யாணமானவர் என்றால் துணையிடமும், இந்தப் பேச்சை எடுங்கள். இடுப்பெலும்பு எது, முதுகுத்தண்டு எது என்று சொல்லுங்கள். ஐந்து நாள் ஊசி, நான்கைந்து மணி நேரப் படுக்கை, சில வாரத்தில் ஊறிவிடும் என்று சொல்லுங்கள். அவர்கள் மறுத்தால் கோபிக்காமல் மறுநாளும் பேசுங்கள். அவர்கள் சரி என்றபின் பதிவு செய்யுங்கள். என்றைக்காவது அந்த அழைப்பு வந்தால், போங்கள்.